சொறி படித்த பெண்

என் படிப்பைப் பற்றி ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. படிப்பின் பெயர்தான் ஒத்துழைக்கவில்லை. "பொண்ணு என்னங்க படிக்குது?" என்று யாராவது கேட்டால், "சொறி" என்பார். கேட்டவர் அனுதாபத்தோடு, "தோல் டாக்டருக்கா?" என்பார். "இல்ல, கடல் சொறி." "கடல்லயும் சொறி புடிக்குமா?" பேச்சு அதற்கு மேல் நகராது. என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு குடும்பம் இந்தக் காரணத்தாலேயே பாதி வழியில் திரும்பிப் போனது. எனக்கு அதில் வருத்தமில்லை.

சொறி என்பது நாகப்பட்டினத்து மீனவர்கள் இழுதுமீனுக்கு, அதாவது ஜெல்லி மீனுக்கு, வைத்திருக்கும் பெயர். கண்ணாடிக் குடை போல மிதக்கும்; குடைக்குக் கீழே நூல் நூலாகத் தொங்கும். அந்த நூல் மேலே பட்டால் அரை நாளைக்கு வேறு எதையும் நினைக்க முடியாது, சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். பொருத்தமான பெயர். நான் அந்த நூலில் இருக்கும் விஷத்தைப் பிரித்தெடுத்து, அது புற்றுநோய்ச் செல்களை என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது.

என் பேராசிரியர் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்துப் பெண்மணி. சேர்ந்த முதல் நாளே சுருக்கமாகச் சொன்னார்: "சொறியோட விஷத்துல இருக்கிற சில புரதம் செல்லோட சுவர்ல ஓட்டை போடும். புத்துநோய்ச் செல்லுல மட்டும் ஓட்டை போடுற ஒண்ணு கிடைச்சா நல்லது. கிடைக்கும்னு நான் சொல்லல." கடற்பஞ்சு ஒன்றில் கண்ட பொருளை வைத்து ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு மருந்து ஏற்கெனவே வந்திருந்ததையும் சொன்னார். நான் உற்சாகமாக நோட்டில் எழுதிக்கொண்டேன். 'கிடைக்கும்னு நான் சொல்லல' என்பதை மட்டும் எழுதவில்லை.

அப்பா கீழ்வேளூர்ப் பக்கம் ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, குத்தகைக்குச் சாகுபடி செய்தார். அதற்கு முன்பு அதே நிலத்தில் கூலியாள். நிலம் ஊரின் பெரிய மிராசுதாருடையது. குத்தகைதாரர் பதிவேட்டில் அப்பாவின் பெயர் ஏறியிருந்தது. அதை அடிக்கச் சொல்லி மிராசுதார் வழக்குப் போட்டிருந்தார். கோட்டையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கேற்ப ஊர்ச் சுவர்களில் சின்னங்கள் மாறும். வழக்கு மட்டும் வாய்தா வாய்தாவாக அப்படியே இருந்தது. அப்பா தோளில் சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு விவசாயச் சங்கக் கூட்டங்களுக்குப் போய்வருவார்.

அந்த மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து வயல்களில் உளுந்து பூத்திருந்தது. நாகப்பட்டினக் கரையில் சொறி நிறைய ஒதுங்குவதாகத் தகவல் வந்ததும் நான் தெர்மாகோல் பெட்டியோடு கிளம்பினேன். கரையில் மீன் விற்கும் ஒரு அக்கா எனக்குப் பழக்கம். வலையில் மாட்டிய சொறிகளை ஒரு கூடையில் சேர்த்து வைத்திருந்தார்.

"இந்தக் கருமத்தக் காசு செலவழிச்சு பஸ் ஏறி வந்து வாங்கிட்டுப் போற ஒரே ஆளு நீதான்" என்றார்.

கையுறை போட்டிருந்தேன். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் மணிக்கட்டு தெரிந்ததைச் சொறி கவனித்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டுமரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். பதறிப்போய்த் தோளில் தொங்கிய தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். அக்கா அதைத் தட்டிவிட்டார்.

"நல்ல தண்ணிய ஊத்தாத! இன்னும் கொட்டும். கடல் தண்ணியில கழுவு."

அவர் சொன்னது சரி. சொறியின் நூலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உறைகள் இருக்கின்றன; ஒவ்வொன்றுக்குள்ளும் ஊசி போன்ற இழை சுருண்டிருக்கும். உப்பில்லாத தண்ணீர் பட்டால் வெடிக்காமல் மிச்சமிருக்கும் உறைகளும் வெடித்து விஷத்தைப் பாய்ச்சும். இதைப் பேராசிரியர் வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்தியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன்.

நூல்களைக் கடல் தண்ணீரோடு கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, சுற்றிலும் ஐஸ் வைத்து, ஆய்வகம் இருந்த தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். சூடு பட்டால் விஷத்திலுள்ள புரதம் கெட்டுவிடும். பெட்டியில் இருந்த ஐஸ் மூன்று மணி நேரம் தாங்கும். பஸ்ஸும் மூன்று மணி நேரத்தில் போய்விடும். கணக்கு கச்சிதமாக இருந்தது.

கீழ்வேளூர் எல்லையில் பஸ் நின்றது. முன்னால் வரிசையாக வண்டிகள். சாலை நடுவில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"மறியல்" என்றார் கண்டக்டர். "குத்தகைக்காரங்கள நிலத்த விட்டு வெளியேத்துறாங்களாம். ஒரு மணிக்கு சப்-கலெக்டர் வர்றாராம். அதுவரைக்கும் நகராது."

மணி பத்தரைதான் ஆகியிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி முன்னால் ஓடினேன். முதல் வரிசையில், சாலைக்குச் சரியாக நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர் என் அப்பா.

"அப்பா, எங்க பஸ்ஸ மட்டும் விடச் சொல்லுங்க. சொறி கெட்டுப்போயிடும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மகளைக் கண்ட சந்தோஷம் முகத்தில் வந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மறியல்னா எல்லாருக்கும் மறியல்தான் ஆயி. எம் பொண்ணு வந்துச்சுன்னு வழி விட்டா நாளைக்கு எவன் மதிப்பான்?"

"இதுக்காக ஒரு மாசம் காத்துக்கிட்டு இருந்தேம்பா."

"நாங்க நாலு வருஷமா காத்துக்கிட்டு இருக்கோம்."

அதற்குள் பாதுகாப்புக்கு நின்ற போலீஸ் ஏட்டு என்னை நோக்கி வந்தார். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவது அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருந்தது.

"என்னம்மா அதுல?"

"கடல் சொறிங்க சார். விஷம் எடுக்கறதுக்கு."

"விஷமா? வெடிக்கிற சாமான் ஒண்ணும் இல்லையே?"

ஆராய்ச்சி மாணவி என்பதால் துல்லியமாகப் பதில் சொல்லவேண்டும் என்று தோன்றியது. "நல்ல தண்ணி பட்டா வெடிக்கும் சார்" என்றேன்.

ஏட்டு நாலடி பின்னால் போனார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் பத்தடி போனார்கள். எங்கள் பஸ் ஒரு நிமிஷத்தில் காலியாகிவிட்டது. சோடாவைத் திறந்துகொண்டிருந்த ஒருவர் அதை மூடப் பார்த்தார். அப்பா எழுந்து கூட்டத்துக்கு விளக்க வேண்டியதாயிற்று. "பயப்படாதீங்க! எம் பொண்ணு புத்துநோய்க்கு மருந்து கண்டுபிடிக்குது! இதுல இருக்கறது சொறி!" நான் மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று திருத்துவதற்குள் கைதட்டல் எழுந்தது.

"இப்ப என்ன வேணும்? ஐஸ்தான?" என்றார் அப்பா.

மறியல் என்பதால் கடைகள் எல்லாம் மூடியிருந்தன. சங்கத்து ஆட்களே மூட வைத்திருந்தார்கள். யாரோ ஒருவர், எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் நின்ற அம்பாசடரைக் காட்டினார். அதன் டிக்கியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

காருக்குள் மிராசுதாரும் அவர் மனைவியும், கழுத்தில் ரோஜா மாலையோடு. திருக்கடையூரில் அன்று காலைதான் அவருக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்திருந்தது. வீட்டில் விருந்து. சர்பத்துக்காக நாகப்பட்டினத்தில் ஒரு ஐஸ் பாளத்தை வாங்கி, சாக்கில் சுற்றி, மரத்தூள் போட்டு வந்திருக்கிறார்கள்.

அப்பா சிவப்புத் துண்டைச் சரிசெய்துகொண்டு கார்க் கண்ணாடியருகே போய் நின்றார். நான் பின்னால்.

"அறுபது நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது. வீட்டுக்குப் போகத்தான் விட மாட்டேங்கறே" என்றார் மிராசுதார்.

"ஒரு உதவிங்க. டிக்கியில இருக்கற ஐஸ்ல கொஞ்சம் வேணும். பொண்ணோட படிப்புக்கு."

"தாராளமா எடுத்துக்க. காரை விட்டுடு."

"காரை விட முடியாதுங்க."

"அப்ப ஐஸ் மட்டும் எப்படி?"

"அது வேற, இது வேறங்க."

மிராசுதார் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், டிரைவரிடம், "கேட்டியா நியாயத்த?" என்றார். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "சாவியக் குடுங்க. உருகித்தான போவுது" என்று மாலையோடே இறங்கி வந்தார்.

கார் ஜாக்கிக் கம்பியால் அப்பா ஐஸ் பாளத்தை உடைத்தார். அது நழுவி ஓடியபோது மிராசுதாரும் இறங்கிப் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு முனையைக் காலால் அழுத்திக்கொண்டார். வழக்கின் வாதியும் பிரதிவாதியும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். நான் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கும்போது அந்த அம்மாள் பக்கத்தில் குனிந்தார்.

"நிசமாவே புத்துநோய்க்கா?"

"பார்த்துக்கிட்டிருக்கோம்மா. இன்னும் ஒண்ணும் தெரியாது."

"ஆனா கேக்கும்ல?" என்றார் மெல்ல. நான் புட்டி மூடியைச் சரிபார்க்கும் அவசரத்தில் ஏதோ ஒரு 'ம்' சொன்னேன்.

மீதி ஐஸ் எப்படியும் தங்காது என்று, நன்னாரிச் சர்பத்தைச் சாலையிலேயே கலந்துவிட்டார்கள். ஏட்டுதான் முதலில் குடித்தார். மறியல் செய்தவர்களும் மறிக்கப்பட்டவர்களும் மிராசுதாரின் அறுபதாம் கல்யாணச் சர்பத்தைக் குடித்துக்கொண்டிருந்தபோது சப்-கலெக்டர் ஜீப் வந்தது. என்ன தகராறு என்று அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. வெளியேற்றம் பற்றி விசாரிப்பதாக எழுதிக் கொடுத்தார், சாலை திறந்தது, புட்டிகள் தஞ்சாவூருக்குக் குளிர்ச்சியாகப் போய்ச் சேர்ந்தன.

அடுத்த சில வாரங்கள் நான் கசாப்புக் கடைக்கும் ஆய்வகத்துக்குமாக அலைந்தேன். விஷம் செல்லில் ஓட்டை போடுகிறதா என்று முதலில் ஆட்டு ரத்தத்தில்தான் பார்ப்பது வழக்கம். காலையில் புட்டியோடு போய், "அண்ணே, ரத்தம் உறையறதுக்குள்ள குடுங்க" என்று கேட்கும் பெண்ணைப் பார்த்து மற்ற வாடிக்கையாளர்கள் வழிவிட்டார்கள். ரத்தத்தில் சொறி விஷம் ஒரு சொட்டு விட்டதும் கலங்கலாக இருந்தது தெளிந்து சிவப்புக் கண்ணாடி போலானது. சிவப்பணுக்கள் எல்லாம் உடைந்துவிட்டன. நான் குதித்தேன். பேராசிரியர், "கொல்லுதுன்னு தெரிஞ்சுது. அது கடற்கரையிலயே தெரிஞ்சதுதான?" என்றார். விஷத்தைப் பொடியாக்கி, புற்றுநோய்ச் செல்களை வளர்த்து வைத்திருக்கும் சென்னை ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம்.

அதற்குப் பதில் வருவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தபோது, அம்பாசடர் எங்கள் தெருவுக்குள் வந்தது. அந்தக் கார் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. மிராசுதார் இறங்கினார். அந்த அம்மாளும் இறங்கினார். "வாங்க, உள்ள வாங்க" என்றார் அப்பா. வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் அந்த அம்மாளை உட்காரவைத்தோம். மிராசுதார் பாயில் உட்கார்ந்தார். நான் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தத் தம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தார். "மாருல ஒரு கட்டி இருக்கு. நாலு மாசமா. திருக்கடையூர்ல மாலை போட்டுக்கிட்டு நிக்கிறப்பவே எனக்குத் தெரியும். இவருகிட்ட போன வாரம்தான் சொன்னேன். ஆஸ்பத்திரின்னா அறுப்பாங்க. உன் மருந்துல ஒரு சொட்டு குடு."

சாலையில் நான் போட்ட அந்த 'ம்' நினைவுக்கு வந்தது.

"அம்மா, அது மருந்து இல்லீங்க. அன்னிக்கு நான் சரியாச் சொல்லல. தப்பு என்னோடதுதான்."

"கொஞ்சம் விஷமா இருந்தாலும் பரவாயில்ல. தாங்கிக்குவேன்."

நான் கையை நீட்டி மணிக்கட்டைக் காட்டினேன். ஒரு மாதம் கழித்தும் சாட்டையால் அடித்தது போலப் பழுப்புக் கோடுகள் இருந்தன. "இது ஒரே ஒரு நூலு பட்டதுங்க. இப்போதைக்கு எங்கிட்ட இருக்கறது இதுதான்."

மிராசுதார் என்னை நம்பவில்லை. நான் வேண்டுமென்றே மறைப்பதாக நினைத்தார் போலிருக்கிறது. அப்பா பக்கம் திரும்பினார். "அந்த ஆறு மா வழக்க வாபஸ் வாங்கிக்கறேன். நாளைக்கே. பொண்ண அந்த மருந்தக் குடுக்கச் சொல்லுங்க."

அவர் அப்பாவை 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டது அன்றுதான். அப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. அதில் ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆறு மா நிலம். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"அதுகிட்ட மருந்து இல்லீங்க" என்றார் அப்பா. "இருந்தா வழக்கோட சேக்காமலே குடுத்துருக்கும். இல்லாததக் குடுத்து நான் நிலத்த வாங்கிக்கிட்டா, நாளைக்கு அம்மாவுக்கு ஒண்ணுன்னா உங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது? வழக்கு பாட்டுக்கு வழக்கு நடக்கட்டும். நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

அந்த அம்மாள் அழ ஆரம்பித்தார். சத்தமில்லாத அழுகை. "எனக்குப் பயமா இருக்கு" என்றார். நான் கூடவே வருகிறேன் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. ஆனாலும் அவர் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். தலைமுடி கொட்டியது. நான் ஆய்வகம் முடிந்ததும் சாயங்காலங்களில் போய் உட்காருவேன். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது என்று ஒருநாள் சொன்னேன். அதுவும் நஞ்சுதான், அளவோடு கொடுக்கிறார்கள் என்றேன்.

"நித்தியகல்யாணியா? எங்க கொல்லையில மண்டிக் கிடந்துது. போன வருஷம்தான் எல்லாத்தையும் பிடுங்கிப் போடச் சொன்னேன்" என்றார். அந்தத் தகவலை அவரால் மன்னிக்க முடியவில்லை. ஒரு வாரம் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீடு திரும்பியபோது உடம்பு பாதியாக இளைத்திருந்தது. ஆனால் திரும்பினார், அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தார்.

சென்னையிலிருந்து பதில் வந்தது. எங்கள் பொடி புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது. அதே அளவில் போட்டபோது ஆரோக்கியமான செல்களையும் கொன்றது. அதே வேகத்தில். நான் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேராசிரியர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்து, "விஷத்துல ஒரு பொருளா இருக்கு? இருபது முப்பது இருக்கும். ஒவ்வொண்ணா பிரி. அப்புறம் அழலாம்" என்றார்.

பிரித்தேன். மூன்று வருஷம். பெரும்பாலானவை ஒன்றும் செய்யவில்லை. சில எல்லாவற்றையும் கொன்றன. ஒன்றே ஒன்று மட்டும் புற்றுநோய்ச் செல்களைக் கொஞ்சம் கூடுதலாகவும் மற்றவற்றைக் கொஞ்சம் குறைவாகவும் தாக்கியது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு கொஞ்சம் என்பதை வைத்துத்தான் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முழுவதும்.

வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று விதி. ஆனால் யாரும் வருவதில்லை. என் தேர்வன்று அரங்கின் கடைசி வரிசையில் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள்: சிவப்புத் துண்டோடு அப்பா, நரைத்த கட்டை முடியோடு அந்த அம்மாள், நடுவில் மிராசுதார். வழக்கு அப்போது மேல்கோர்ட்டில் இருந்தது. கீழ்க்கோர்ட்டில் அப்பா ஜெயித்திருந்தார், மிராசுதார் விடவில்லை. இருந்தாலும் ஒரே காரில் வந்திருந்தார்கள்.

நான் பேசி முடித்தேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சம்பிரதாயத்துக்கு, "அவையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார். எழுந்து நின்றவர் அப்பா.

"ஒண்ணு கேக்கலாங்களா? இந்தச் சொறிக்கு நல்ல செல்லு எது, கெட்ட செல்லு எதுன்னு அடையாளம் தெரியலன்னு பொண்ணு சொல்லுச்சு. அதத் தெரிய வைக்க முடியுமா முடியாதா?"

அரங்கில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. "நான் கேட்க வைத்திருந்த கேள்வியை இவர் கேட்டுவிட்டார். சொல்லுங்கள்" என்றார் என்னிடம்.

மேற்கோள் காட்ட நிறைய இருந்தது. அந்த அம்மாள் முன்னால் குனிந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியலப்பா" என்றேன். "முடியும்னு நெனைச்சுத்தான் செய்யறோம். இன்னும் முடியல."

"சரி" என்றார் அப்பா. உட்காரப் போனவர் மறுபடி எழுந்து தேர்வாளரைப் பார்த்து, "தெரியலன்னு சொன்னதுக்கு மார்க்கக் குறைச்சுடாதீங்க" என்றார்.

மிராசுதார் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.